சிரித்துக்கொண்டு உள்ளே போனவர்

கோயில் வாசலில் பை சோதித்த காலத்தில் என் கையால் ஒருவருக்குக் கெடுதல் நடந்திருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்த ஒரு அக்காவுக்கு அந்த வேலையும், அதோடு படுக்க இருந்த இடமும் என்னால் போயின. அவர் செய்தது, வாசலில் சிரித்துக்கொண்டு நின்றது. வேறொன்றும் இல்லை. அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஒரு தடவை கொப்பியில் எழுதியிருக்கிறேன். அதனால் வந்தது போதும் என்று இங்கே எழுதாமல் விடுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. மிளகாய், மல்லி அரைக்கிற மில்லில் வேலை. மெஷின் சத்தத்தில் யாரும் என்னோடு கதைக்க மாட்டார்கள். ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிற எனக்கு அது நல்ல வசதி. பூசை நேரம் குண்டுகள் வெடித்த அந்த ஈஸ்டருக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்கள் சில கிழமைகள் மூடிக் கிடந்தன. திறந்தபோது வாசலில் துப்பாக்கியோடு ஆமிக்காரர்கள் நின்றார்கள். பக்கத்தில் ஒரு மேசை போட்டு, கோயில் பங்கைச் சேர்ந்த ஆட்கள் சிலர் கையில் பட்டி கட்டிக்கொண்டு, வருகிறவர்களின் பைகளைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. என் மனைவி ரீட்டாவின் தங்கை அந்தக் குண்டில் போனவள். அதனால் யாரும் கேட்காமலே நான் போய் நின்றேன்.

பங்கு ஆட்களை எங்களுக்கு முகத்தால் தெரியும். தெரியாத முகம் வந்தால் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் மூன்றையும் கொப்பியில் எழுத வேண்டும். எங்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் பெனடிக்ட் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்கு வாய் இல்லாவிட்டாலும் கை இருக்கிறது என்று சொல்லி, கொப்பியை என்னிடம் தந்துவிட்டார்.

அந்த அக்கா வரத் தொடங்கியது, கொரோனா கொஞ்சம் அடங்கி, பால்மாவுக்கும் சமையல் காஸுக்கும் ஊரே வரிசையில் நிற்கத் தொடங்கிய காலம். கோயிலுக்கு வருகிறவர்களும் இன்னொரு வரிசைக்கு வந்தவர்கள் போலவே முகத்தை வைத்திருப்பார்கள். பையைத் திறக்கச் சொன்னால் ஒரு பெருமூச்சு விடுவார்கள், இல்லாவிட்டால் முணுமுணுப்பார்கள். அப்படி நின்ற வரிசையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், மெலிந்த உடம்பு, ஊதா நிறச் சேலை, வாய் நிறையச் சிரிப்போடு வந்து நின்றார். நான் கேட்கும் முன்பே பையை மேசையில் வைத்துத் திறந்தார். திறந்ததோடு விடவில்லை. புடவைக் கடையில் எடுத்துக் காட்டுவது போல ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். ஒரு துவாய். ஒரு தண்ணீர்ப் போத்தல். பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சோடிச் செருப்பு.

"நல்லா பாருங்க தம்பி. அவசரமில்ல," என்றார்.

செருப்பு எதற்கு என்று கேட்டேன். காலில் கிடப்பது வேலைச் செருப்பு, இது உள்ளே போவதற்கு என்று சொல்லி, அங்கேயே மாற்றிக்கொண்டார். பெயர் சொல்லும்போதும் சிரிப்பு. அடையாள அட்டை இலக்கத்தை நான் பிழையாக எழுதி வெட்டியபோதும் சிரிப்பு. தொலைபேசி இலக்கம் கேட்டபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார். தன்னிடம் போன் இல்லை, வேலை செய்கிற வீட்டு நம்பர்தான் தெரியும் என்றார். அதையே எழுதினேன்.

அவர் உள்ளே போன பிறகு பெனடிக்ட் அண்ணன் என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, அழுதுகொண்டு வாறவையை விட்டிடலாம். சிரிச்சுக்கொண்டு வாற ஆக்களைத்தான் வடிவாப் பாக்கணும்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் வீட்டில் அப்போது ரேடியோ போட்டு மூன்று வருடமாகப் போகிறது. ரீட்டா கலியாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்தியிருந்தாள். அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்து வாசலில் நிற்கிறவனுக்கு, காரணம் இல்லாமல் சிரிக்கிற ஒருவரைக் கண்டால் என்ன தோன்றும்?

ஞாயிறு தவறாமல் வந்தார். அவருக்கு ஒரு சொல் இருந்தது. நன்றி சொல்ல வேண்டிய இடத்திலும், மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்திலும், ஒன்றுமே சொல்லத் தேவையில்லாத இடத்திலும் "சந்தோசம்" என்பார். பையைப் பார்த்துவிட்டோம் என்றால் சந்தோசம். மழை வருகிறது, ஓரமாக நில்லுங்கள் என்றாலும் சந்தோசம். ஒரு நாள் வாசலில் மெழுகுதிரி விற்கிறவர், கடையை மறைத்துக்கொண்டு நிற்கிறாய் என்று சத்தம் போட்டார். "சந்தோசம்ண்ணே, தள்ளிக்கிறேன்," என்று இரண்டடி நகர்ந்தார். மெழுகுதிரிக்காரர் என்னைக் கூப்பிட்டு, அந்த மனுசிக்குத் தலை சரியா என்று கேட்டார்.

நான்காவது ஞாயிறோ ஐந்தாவது ஞாயிறோ, பொட்டு விஷயத்தைக் கண்டேன். வாசலுக்கு வரும் முன், சந்தித் திருப்பத்தில் ஒரு பூட்டிய கடையின் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றுகொண்டு, நெற்றியிலிருந்த ஒட்டுப் பொட்டை எடுத்து அடையாள அட்டையின் பின்பக்கத்தில் ஒட்டினார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சிரிப்போடு வரிசைக்கு வந்தார். பூசை முடிந்து போகும்போது அதே கடைக் கண்ணாடியில் பார்த்து மறுபடி வைத்துக்கொண்டார். எங்கள் கோயிலுக்குப் பொட்டோடு வருகிற பெண்கள் எத்தனையோ பேர். ரீட்டாவே வைப்பாள். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அப்படியிருக்க ஒருவர் மறைந்து நின்று எடுக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. பெனடிக்ட் அண்ணனிடம் சொன்னேன். இங்கே ஒரு முகம், அங்கே ஒரு முகம் என்றார் அவர். உள்ளே போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். கடைசி பெஞ்சில் ஓரமாக இருக்கிறாராம். எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறாராம். சிலுவை அடையாளம் போடும்போது முதலில் இடது தோளுக்குப் போக வேண்டிய கை வலது தோளுக்குப் போகிறதாம். பிரசங்கம் முழுக்கச் சிரிப்பாம்.

"பாதரின்ர பிரசங்கத்துக்கு ஆர் சிரிப்பினம்? நானே நித்திரையாகிறனான்," என்றார்.

ஒரு வியாழக்கிழமை, மில்லில் அரைத்த மிளகாய்த்தூள் மூட்டை ஒன்றைக் கொடுப்பதற்காக வெள்ளவத்தைக்குப் போனேன். காலிக்குப் போகிற பெரிய வீதியில், பஸ் ஹோல்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் மரக்கறிப் பைகள். நெற்றியில் பொட்டு. முகம் பூட்டிய வீடு மாதிரி இருந்தது. அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, அவர் பஸ் ஏறும் வரைக்கும் பார்த்தேன். கண்டக்டர் ஏதோ சிங்களத்தில் ஏசினான். அவர் சந்தோசம் சொல்லவில்லை. அப்போதே எனக்கு முடிவாகிவிட்டது. சிரிப்பு எங்களுக்காக வாசலில் போடுகிற வேஷம். எதற்காகப் போடுகிறார் என்பதுதான் தெரிய வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய கிழமை நெருங்கினால் ஒவ்வொரு வருடமும் வாசலில் சோதனை கூடும். அந்த வருடமும் ஒரு பொலிஸ்காரர் வந்தார். சிங்களத்தில் தம்பி என்கிற மாதிரி என்னை மல்லி என்று கூப்பிட்டு, கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தெரியாத ஆட்களைக் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தேகம் இருக்கிற நம்பர்களுக்கு ஒரு போன் கோல் எடுத்துப் பாருங்கள் என்று பெனடிக்ட் அண்ணன் எங்களிடம் சொன்னார். இன்னாருக்கு எடு என்று அவர் சொல்லவில்லை. கொப்பியில் ஏழெட்டுப் பெயர்கள் இருந்தன. சொந்தக்காரர்களுக்கே போன் எடுக்கத் தயங்குகிற நான், அதில் ஒரேயொரு நம்பரைத் தெரிந்தெடுத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்திய நேரம் எடுத்தேன். ஒரு பெண் பேசினார். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"ஓம், ஆர் கதைக்கிறது?"

நான் எந்தக் கோயில் என்று சொல்லி, இந்தப் பெயருள்ளவர் உங்கள் வீட்டிலா வேலை செய்கிறார், ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் சேர்ச்சுக்குப் பையோடு வருகிறார், பாதுகாப்புக்காகத்தான் விசாரிக்கிறோம் என்றேன்.

"சேர்ச்சுக்கோ? அவ மட்டக்குளியில தங்கச்சியின்ர மகளிட்டப் போறனெண்டெல்லோ சொல்லிப்போட்டுப் போறவ."

பிறகு அவருடைய குரல் மாறியது.

"எங்கட வீட்டு நம்பர் உங்கட கொப்பியில ஏன் கிடக்குது? அந்தக் கொப்பியைப் பொலிசுக்குக் காட்டுவியளோ?"

தேவைப்பட்டால் காட்டுவோம் என்றேன். அது உண்மைதான். ஆனால் வெள்ளவத்தைத் தமிழர் வீடொன்றில் அந்தச் சொல் என்ன செய்யும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யுத்த காலத்தில் பொலிஸ் வந்து, இந்த வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போன கதைகள் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. அந்த அம்மா போனை வைத்துவிட்டார். நான் கையைக் கழுவிவிட்டுச் சோற்றைச் சாப்பிட்டேன். ஒரு வேலையைச் சரியாகச் செய்த மாதிரி இருந்தது.

அடுத்தது குருத்தோலை ஞாயிறு. வாசல் முழுக்க ஆட்களும் ஓலையும். அவர் வந்தார். கையில் கட்டம் போட்ட பெரிய பை ஒன்று, கக்கத்தில் ஒரு அரிசிச் சாக்கு. முகத்தில் அதே சிரிப்பு.

"இன்னைக்கு ஒங்களுக்கு வேல ஜாஸ்தி தம்பி," என்றார்.

பையைத் திறந்தார். சேலைகள், ஒரு போர்வை, தலையணை, சீப்பு, தைலப் போத்தல். சாக்குக்குள் ஒரு சில்வர் தட்டும் கோப்பையும் இருந்தன. "இது அங்க எனக்குன்னு தனியா வச்சிருந்தது. அம்மா இதையும் கொண்டு போகச் சொல்லிட்டாங்க," என்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"வீட்டுல நிப்பாட்டிட்டாங்க தம்பி. யாரோ கோல் எடுத்துச் சொல்லியிருக்காங்க. வீட்டுல மூத்தவங்க பெரியம்மா, அவங்க சாமி ரூமுக்கு நாந்தானே வெளக்கு கழுவிக் குடுக்கிறது. இத்தன நாள் ஏமாத்திட்டேன்னு பெரியம்மா ஒரே அழுக. பொலிஸ் வீட்டுக்கு வந்துருமோன்னு அம்மாவுக்குப் பயம். பொய் சொன்னது நாந்தானே. அவங்க மேல பிழை சொல்ல ஏலாது."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் பொருட்களை மறுபடி அடுக்கினார்.

"பாத்தாச்சுன்னா உள்ள போறேன். சந்தோசம்."

பெரிய பைகளை உள்ளே விடுவதில்லை. என் மேசைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். ஒன்றரை மணி நேரம் நான் அந்தப் பைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். "பாத்தீரோ, குடியேறவே வந்திட்டா," என்றார் பெனடிக்ட் அண்ணன். எனக்கு வேறு ஒரு சந்தேகம் தொடங்கியிருந்தது. அந்த நம்பரை அவர் எங்கள் கொப்பிக்கு மட்டும்தான் கொடுத்திருக்க முடியும். எழுதியது நான். அப்படியானால் எல்லாம் தெரிந்துகொண்டுதான் சிரிக்கிறார். என்னைக் குத்துவதற்கே சிரிக்கிறார்.

பூசை முடிந்த பிறகுதான் மற்றது தெரிய வந்தது. ஞானஸ்நானம் பெற ஆயத்தப்படுத்துகிற சிஸ்டரிடம் அவர் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருந்தார். ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசையில் ஞானஸ்நானம். சிஸ்டருக்குத் தெரிந்த ஒரு முதியோர் இல்லத்தில் சமையலுக்கு ஆள் தேவையாம். ஆனால் ஈஸ்டர் முடிந்துதான் போகலாமாம். அதுவரை ஒரு கிழமைக்கு எங்கே தங்குவது என்று சிஸ்டர் பெண்களிடம் கேட்டுக்கொண்டு நின்றபோது, ரீட்டா எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஏன் வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு ஹோலும் ஒரு சின்னக் குசினியும்தான். ஹோலில் அலுமாரிக்குப் பக்கத்தில் அவர் படுத்தார். அந்தக் கிழமை முழுக்க நான் அவரைக் கவனித்தேன். தனியாக இருக்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காகச் சத்தம் போடாமல் வீட்டுக்குள் வருவேன். ஒரு தடவை கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது தனக்குத் தானே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் கேட்டேன். சிஸ்டர் கொடுத்த செபத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார். எழுத வாசிக்கத் தெரியாததால் காதால் கேட்டது மறந்துவிடும் என்று பயமாம்.

செவ்வாய்க்கிழமை, நான் அறைக்குள் படுத்திருந்தபோது, மரக்கறி வெட்டிக்கொண்டு அவர் ரீட்டாவுக்குச் சொன்னதைக் கேட்டேன். பதினொரு வயதில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்குக் கொழும்புக்கு வந்தவர். எத்தனை வீடு மாறினார் என்று அவருக்கே கணக்கில்லை. வாசலில் எங்கள் மேசை இல்லாத ஒரு வேலை நாளில் வெள்ளவத்தை அம்மா ஒரு பார்சலைக் கொடுத்துக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பியிருக்கிறார். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்காக எங்கள் கோயிலுக்குள் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பூசை நடந்துகொண்டிருந்தது.

"ஒரு மணி நேரம் தங்கச்சி. எந்திரின்னு ஒருத்தர் சொல்லல. தண்ணி கொண்டான்னு ஒருத்தர் கேக்கல. அப்புறம் ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்ற நேரம், வெள்ள சட்ட போட்ட பெரிய மனுசன் ஒருத்தர் திரும்பி என்னையப் பாத்துக் கும்பிட்டாரு. எனக்குப் பின்னாடி யாரோ நிக்கிறாங்கன்னு நான் திரும்பிப் பாத்தேன். செவுருதான் இருந்துச்சு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நான் வாசலில் கேட்ட சிரிப்புத்தான். அங்கே கிடைக்கிற சந்தோசத்தை எடுத்துக்கொண்டு போய்க் கிழமை முழுக்க வைத்துப் பாவிப்பதாகவும், புதன்கிழமைக்குள் பெரும்பாலும் முடிந்துபோய்விடும் என்றும் சொன்னார். பொட்டோடு போனால் உள்ளே விடமாட்டார்கள் என்று அவராகவே நினைத்துப் பயந்திருக்கிறார். ரீட்டா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டியபோது, இத்தனை நாள் கடை வாசலில் நின்று பட்ட பாட்டைச் சொல்லி மறுபடி சிரித்தார்.

இதையெல்லாம் கேட்டும் என் மனம் முழுதாக இறங்கவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததற்காக ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்படுவாரா? பிறந்ததிலிருந்து நான் அந்தப் பெஞ்சுகளில் உட்காருகிறேன். எனக்கு ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. எனக்கு வராதது அவருக்கு எப்படி வரும் என்பதே என் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

பெரிய வெள்ளி. கோயில் வளவைச் சுற்றிச் சிலுவைப் பாதை. பெண்கள் எல்லாம் வெள்ளை உடுத்து, முக்காடு போட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். நான் கூட்டத்தைப் பிரிக்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரீட்டாவுக்குப் பக்கத்தில் அந்த அக்கா வந்தார். முழந்தாளிட்டபோது தரையில் நெற்றி பட முழந்தாளிட்டார். எழும்பினால் முகத்தில் வெளிச்சம். எங்கள் தெருவில் இருக்கிற ஒரு பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன இது, கலியாண வீடோ? இண்டைக்கு ஆண்டவர் செத்த நாள்."

"தெரியுங்க," என்றார் அக்கா. "ஞாயித்துக்கெழம எந்திரிச்சிருவாருல்ல? இன்னும் ரெண்டு நாளுதானே."

அப்போது ஒரு சத்தம் கேட்டது. ரீட்டா. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக நான் கேட்காத சத்தம். என் கையிலிருந்த கயிறு நழுவி, ஆட்கள் அதை மிதித்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்ததும் ரீட்டா ரேடியோவைப் போட்டாள். பெரிய வெள்ளி என்று நினைவு வந்ததும் உடனே நிறுத்தினாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சனிக்கிழமை காலை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், வெள்ளவத்தைக்குக் கோல் எடுத்ததைப் பாதரிடம் சொன்னேன். அவர் சில செபங்களைச் சொல்லச் சொல்லி, மன்னிப்புக் கொடுத்தார். அந்த அக்காவிடம் போய்ச் சொல் என்று அவர் சொல்லவில்லை. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. ரீட்டாவுக்குக் கிடைத்த மாதிரி அந்தச் சிரிப்பு எனக்கும் வேண்டும் என்று இருந்தது. தெரியும் தம்பி, சந்தோசம் என்று சொல்வார், மனம் லேசாகிவிடும் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

ரீட்டா சந்தைக்குப் போயிருந்தாள். அவர் குசினியில் இருந்து, அடுத்த நாள் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, வெள்ளவத்தைக்குக் கோல் எடுத்தது நான்தான்."

வெங்காயம் உரித்த கை நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அத எங்கிட்ட ஏன் சொன்னீங்க?"

"உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

"கொப்பியில எழுதினது நீங்க. அது தெரியும். கோல் எடுத்தது அந்தப் பெரியவரா இருக்கும், பொலிசா இருக்கும், யாரோன்னு வச்சிருந்தேன். அது யாருன்னு நான் போய்த் தேடல தம்பி. யாரோ ஒருத்தர் மேல கோவப்பட ஏலாதுல்ல. இப்ப ஒங்க வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு ஒங்க மேல கோவமா இருக்கணும்."

"பாதரிட்டயும் சொன்னனான். அவர் மன்னிப்புக் குடுத்தவர்."

"அப்ப அங்கேயே விட்டிருக்கலாம்," என்றார்.

பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்தார். வேலை ஒன்றும் குறையவில்லை. சமைத்தார், பாத்திரம் கழுவினார், அடுத்த நாளுக்கான சேலையை அயர்ன் பெட்டியால் மினுக்கினார். ரீட்டா கேட்டதற்குப் பதில் சொன்னார். முகத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் இல்லை. பஸ் ஹோல்டில் பார்த்த பூட்டிய முகமும் இல்லை. எதையோ தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிற ஒருவரின் முகம். அக்காவுக்கு என்ன என்று ரீட்டா என்னிடம் கேட்டாள். தெரியாது என்று சொன்னேன்.

ஈஸ்டர் காலை, கொப்பியைப் பெனடிக்ட் அண்ணனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் நின்றேன். ரீட்டா கொடுத்த வெள்ளைச் சேலையில் அவர் முன்னால் போனார். பாதர் மூன்று தடவை தலையில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் அவருடைய நெற்றியில் வழிந்து, கண்ணில் வழிந்து, நாடியிலிருந்து சொட்டியது. சனங்கள் கை தட்டினார்கள். பாதர் நல்ல மனிதர். மைக்கைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, சந்தோஷமாக இருக்கிறீர்களா அம்மா என்று கேட்டார். எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்லைச் சொல்கிறவர், அன்று அதைச் சொல்லவில்லை.

"இருப்பேன் சாமி," என்றார்.

சனங்கள் அதைப் பயத்தில் வந்த பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். ரீட்டா சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அன்று வீட்டுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னோடு எத்தனை நாள் கதைக்கவில்லை என்பது வேறு கதை.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தபோது, பெனடிக்ட் அண்ணன் கொப்பியைத் திறந்து அந்த அக்காவின் பெயருக்கு நேரே கோடு போட்டுக்கொண்டிருந்தார். இனிமேல் அவர் தெரியாத ஆள் இல்லையாம்.

"இண்டைக்குத்தான் தம்பி அந்த மனுசி ஒழுங்கான ஒரு கிறிஸ்தவ ஆள் மாதிரி நிண்டவ. பல்லைக் காட்டாமல், அடக்கமா. இனி எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல," என்றார்.

முதியோர் இல்லத்துக்குப் போவதற்குச் சிஸ்டர் ஒரு திரீவீல் ஓட்டோ பிடித்து வைத்திருந்தார். களனிக்கு அப்பால் எங்கோ. அந்த அக்கா இன்னும் அங்கேதான் சமைக்கிறார் என்று சிஸ்டர் எப்போதாவது சொல்வார். சிரிக்கிறாரா என்று கேட்க எனக்கு இன்று வரை வாய் வரவில்லை. அன்று பைகளை நான்தான் தூக்கிப் பின்னால் வைத்தேன். அவர் ஏறும் முன் என் பக்கம் வந்து நின்றார். ஈரத் தலைமயிர் நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. ரீட்டா நாலடி தள்ளி நின்றாள்.

"தம்பி, மன்னிச்சிட்டேன்னு ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகலாம்னுதான் நெனச்சேன். இன்னைக்குச் சொன்னா அது பொய்யாப் போயிரும். இப்பதான் தண்ணி ஊத்தியிருக்காங்க. எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க."

நான் தலையை ஆட்டினேன். எங்களைச் சுற்றி எல்லோரும் ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லிக் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் மிரரில் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார், ஏதோ முயற்சி செய்கிற மாதிரி; பிறகு விட்டுவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நடிக்கத் தெரிந்தவராக இருந்திருந்தால், அந்த இடத்தில் அவர் சிரித்திருப்பார்.